பித்தளைத் தலை

பழைய கப்பலின் உந்து விசிறியிலிருந்து வெட்டியெடுத்த பித்தளையை ஆனந்தராசா கடைசித் தடவையாக அரத்தால் ராவுகிறான். பட்டறைக் கதவிடுக்கால் விழும் வெயிலில் பொன்தூள் பறந்து அவனுடைய வியர்வையில் ஒட்டுகிறது. வைஸ் இடுக்கியிலிருந்து அவன் கழற்றி எடுப்பது, கொல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற மட்டையின் தலை. சீனன்குடா விமானப்படை முகாம் அதிகாரி மாதிரிக்கென்று தந்த உடைந்த தலை பக்கத்தில் கிடக்கிறது. நிறை பார்க்கப் புதியதை நூலில் கட்டித் தூக்குகிறான். கோல் செருகுகிற குதிப்பக்கமும் எதிர்ப்பக்க நுனியும் சமமாகத் தொங்குகின்றன. வாசலில் அவன் மனைவி பூரணி நிலைகொள்ளாமல் ரோட்டையும் அவனையும் மாறிமாறிப் பார்க்கிறாள். சுற்றிவளைப்பில் பிடிபட்ட அவளுடைய தம்பி அந்த முகாமில்தான் இருக்கிறான். "மட்டையைக் குடுக்கேக்க தம்பியை விடச்சொல்லிக் கேளுங்கோ." "ஓம், கேக்கிறன். முதல்ல இது அவருக்குப் பிடிக்கட்டும்." துளைக்குள் கோலை இறுக்கி, அதிகாரி நின்று காட்டியதுபோலத் தன் பக்கம் சரித்துப் பிடித்து நிலத்தில் வைக்கிறான். நுனி நிலத்தில் படியாமல் மேலே கிளம்பி நிற்கிறது. மாதிரியைத் திருப்பிப் பார்க்கிறான். அதன் துளை சரிவாகத்தான் இருக்கிறது. அடிபட்டு வளைந்ததாக்கும் என்று நினைத்து, சுத்தியலுக்குப் போடுவதுபோல அவன் நேராகத் துளைத்துவிட்டான். வளைவில் ஜீப் கியர் மாற்றுகிற சத்தம் கேட்கிறது. பூரணி அவசரமாகக் கூந்தலை முடிகிறாள். "வந்திட்டார்." செருப்புக் காலால் நுனியை அழுத்துகிறான். தலை படிகிறது, கோல் நிமிர்ந்து அவன் கையைத் தள்ளுகிறது. காலை எடுத்தால் நுனி திரும்பக் கிளம்பும். ஜீப் வாசலில் நிற்கிறது. ஆனந்தராசா காலை எடுக்கவில்லை.