ஓரத்துப் பென்சில் குறிப்புகள்

அஞ்சல்வழி எம்.ஏ.வில் எனக்கு அந்த நாவலின் முதல் அத்தியாயம் மட்டும்தான் பாடம். புதிதாக எதற்கு வாங்க வேண்டும் என்று என் கணவர் சற்குணம் தன் கல்லூரிக் காலத்துப் பிரதியைப் பரணிலிருந்து எடுத்துத் தந்தார். அந்த அத்தியாயத்தின் பதினெட்டுப் பக்கங்களிலும் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். அவருடைய கோழிக் கிறுக்கல் இல்லை. லேசாகச் சாய்ந்த, அழகான, ஒரு பெண்ணின் கையெழுத்து. பெயர் எங்கும் இல்லை. நாயகி மழையில் வாசலில் நிற்கும் முதல் வரிக்குப் பக்கத்தில், 'இவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காத்திருப்பவள்போல் நிற்கப் பழகியிருக்கிறாள்' என்று எழுதியிருந்தாள். ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு இப்படித் தோன்றாது. அதுதான் வயிற்றெரிச்சல். ஞாயிற்றுக்கிழமை காலை ரப்பரை எடுத்து ஒரு எழுத்து விடாமல் அழித்தேன். அடுத்த நேர்முக வகுப்பில் பேராசிரியர் அந்த முதல் வரியைப் பற்றிக் கேட்டபோது, அழித்ததையே என்னுடையதாகச் சொன்னேன். "நீங்களா யோசிச்சீங்க? பிரமாதம்மா" என்று அவர் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சற்குணம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இன்னிக்கு கிளாஸ்ல சார் என்னைப் பாராட்டினாரு. அவ யாருக்காகவும் காத்திருக்கலைன்னு சொன்னேன்."

மீதியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

அவர் நிமிரவில்லை. காலரைத் திருப்பிப் போட்டு, "காத்திருப்பவள்போல் நிற்கப் பழகியிருக்கிறாள்" என்றார், எங்கள் வீட்டில் யாரும் பேசாத தமிழில், ஒரு எழுத்து விடாமல்.