எதிரே வருகிற வண்டி

இதில் பாதி நான் பார்த்தது, பாதி கேட்டது. எது எது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. வருஷம் அறுபத்தெட்டா அறுபத்தொன்பதா என்பதிலும் சந்தேகம்தான். தேவானந்தத்தின் கோபம் மட்டும் சரியாக ஞாபகம் இருக்கிறது.

"அவனுக்கும் நீதானே மாட்டிவிட்டே? உண்மையைச் சொல்லு!" என்று தன் பியட்டின் பானெட்டில் ஓங்கி அடித்தார் அவர்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற துளசிங்கம் மிரண்டுபோனான். "எவனுக்கு சார்? இவ்ளோ பெரிய பல்பு உங்க வண்டிக்குத்தான் போட்டுகீறேன். சத்தியமா!"

"அப்ப அவன் வண்டியில எப்படி எரியுது? ஹெட்லைட் மேல்பாதியில இருந்த கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டினேன். அன்னிக்கு ராத்திரியே அவனும் சுரண்டிட்டான். ரிப்ளெக்டரைப் புதுசா போட்டேன், அவனும் போட்டான். இப்ப பெரிய பல்பையும் மாட்டிக்கிட்டு என் கண்ணைக் குருடாக்கறான்!"

"வேணும்னே வம்பு பண்றானா சார்?"

"வம்பா? என் பெண்டாட்டி கையை ஒடச்சவன்யா அவன்!"

தேவானந்தம் குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சூபர்வைசர். கிழக்குத் தாம்பரத்தில், வயலை மனையாக்கி விற்ற இடத்தில் வீடு கட்டிக் குடிவந்திருந்தார். தெருவிளக்கு இன்னும் வரவில்லை.

போன மாதம் ஒரு மாலை சர்ச்சிலிருந்து மனைவி சாராளோடு திரும்பும்போது, எதிரே ஒரு வண்டி ரோட்டில் இவர் பக்கமாகவே ஏறி வந்தது. இவர் ஸ்டியரிங்கை ஒடிக்க, பியட் பள்ளத்தில் இறங்கியது. சாராளின் மணிக்கட்டு முறிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது ரோட்டில் யாரும் இல்லை.

அதன் பிறகு, இருட்டியபின் வீடு திரும்புகிற நாளெல்லாம் அவன் எதிரே வந்தான். முகம் மட்டும் தெரியவில்லை. அதற்காகத்தான் தேவானந்தம் விளக்கின் மேல் விளக்காக மாற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தே போய், ரோட்டின் கடைசிவரை தேடினார். கார் நிற்கிற வீடு ஒன்றும் இல்லை. ரோடு போய் முட்டுகிற இடத்தில் பொன்னுரங்கத்தின் புது வீடும், அதன் காம்பவுண்டுச் சுவரில் தொங்கிய ஒரு சாக்கும்தான் இருந்தன. பொன்னுரங்கம்தான் அந்த வயலுக்கெல்லாம் சொந்தக்காரராக இருந்தவர்.

"தெரியலியே சார். இருட்டுனப்புறம் நாங்க வெளியவே வர்றதில்ல" என்றார் அவர்.

"பொய் சொல்றான். அவன் இவனுக்கு வேண்டியவனா இருக்கும்" என்று தேவானந்தம் வீட்டுக்கு வந்து கத்தினார். சாராள் ஒற்றைக் கையால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கை முறிந்த பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை.

மாவுக்கட்டைக் காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிய மாலை அது. இருட்ட ஆரம்பித்திருந்தது. ரோட்டின் கடைசியில் இரண்டு விளக்குகள் எரிந்தன.

"வந்துட்டான்" என்றார் தேவானந்தம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"விடுங்க. நம்ம தெரு வந்தாச்சு, திரும்பிடுங்க."

"இன்னிக்குத் திரும்ப மாட்டேன். அவன் ஒதுங்கட்டும்."

"எனக்கு ஒரு கைதாங்க மிச்சம் இருக்கு" என்றாள் சாராள்.

அவர் தங்கள் தெருவைத் தாண்டி நேரே ஓட்டினார். அவனும் ஒதுங்கவில்லை. கடைசி நேரத்தில் சாராள் அலறியதும் பிரேக்கை மிதித்தார். அவனும் நின்றான்.

விளக்கை அணைக்காமல், ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கண் கூசியது. அந்தக் கூச்சத்துக்கு நடுவே ஒரு கறுப்பு உருவம், அதுவும் கையில் கம்பியோடு, இவரை நோக்கி வந்தது.

"எனக்கே ஓங்கறியாடா?" என்று முழு பலத்தோடு வீசினார்.

எல்லாம் சலசலவென்று நொறுங்கி விழுந்தது. உருவம் இல்லை. வண்டி இல்லை. எதிரே வெறும் சுவர்தான் நின்றது.

லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் பொன்னுரங்கம். "இன்னா சார் இது, கண்ணாடிய ஒடச்சுட்டீங்களே! ரோடு நேரா வந்து குத்துற வூடு சார் இது. வர்ற கெட்டது அப்டியே திரும்பிப் போவட்டும்னு, ஜவுளிக்கடை கண்ணாடிய வாங்கியாந்து மாட்டி வெச்சேன். பகல்ல காக்கா கொத்துதுன்னு சாக்கு போட்டு மூடிட்டு, வெளக்கு வெக்கிற நேரத்துலதான் தொறப்பேன்..."

தேவானந்தம் கம்பியைக் கீழே போட்டார்.

பொன்னுரங்கம் பிறகு அந்த இடத்தில் பிள்ளையார் வைத்தார். துளசிங்கம் பழைய பல்புகளையே திரும்ப மாட்டிக்கொடுத்தான். சாராளின் கை எலும்பு கூடியது, சற்றுக் கோணலாக. பியட்டை தேவானந்தம் இன்னும் சில வருஷம் ஓட்டினார். எதிரே எந்த வண்டி வந்தாலும் இவர்தான் முதலில் விளக்கை டிம் செய்வார்.

கண்ணாடி உடைந்த அந்த மாலை, காரில் வந்து உட்கார்ந்ததும் முதலில் விளக்கை அணைத்தார். சாராள் கேட்டாள்.

"என் கையை ஒடச்சவனைப் பாத்துட்டீங்களா?"