இன்னொரு கரண்டி

சக்திகுமாருக்கு அன்று ஒரே ஒரு வேலைதான். சூப்பர்வைசர் பரசுராமனைப் படுக்கப் போட வேண்டும். கொல்லவெல்லாம் வேண்டாம். நாளை ஒரு நாள் மனிதர் எழுந்து நடமாடாமல் இருந்தால் போதும்.

எல்லாம் காப்பர் கம்பியால் வந்த வினை. ஒரகடம் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்க்கும் சக்திகுமார், அவ்வப்போது டிபன் பாக்ஸில் கொஞ்சம் சுருட்டிக்கொண்டு போயிருந்தான். நாளைக் காலை பரசுராமன் ஸ்டாக் எடுக்கப் போகிறார். எடுத்தால், கம்பி திருடியவன் கம்பி எண்ண வேண்டியதுதான். அவர் வராவிட்டால் தேதி தள்ளிப்போகும். அதற்குள் எங்கேயாவது வாங்கிப் போட்டு ஈடுகட்டிவிடலாம்.

ஸ்ரீபெரும்புதூர் கல்யாண மண்டப மைதானத்தில் உணவுத் திருவிழா களைகட்டியிருந்தது. ஒடிசா, பீகார், கொரியா என்று கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு ஸ்டால் போட்டிருந்தார்கள். மேடையில் அசாம் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சக்திகுமாரின் கண் ஆட்டத்தில் இல்லை. அசாம் ஸ்டாலில் சின்னக் கிண்ணத்தில் இருந்த சிவப்புச் சட்னியில் இருந்தது.

“பேய் மிளகா அண்ணா. குச்சில தொட்டு நாக்குல வெக்கணும், அவ்ளோதான்,” என்று எச்சரித்தாள் ஸ்டால்காரப் பெண் பூஜா.

அவள் திரும்பிய நேரம் பார்த்து ஒரு கரண்டி சட்னியை, அங்கேயே வாங்கிய வாத்துக் கறியில் கலந்தான்.

“சார், உங்களுக்குன்னே வாங்கினு வந்தேன்.”

மேடைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பரசுராமன் ஒரு வாய் வைத்தார். முகம் சிவந்தது, கண்ணீர் கொட்டியது. மூக்கை உறிஞ்சியபடியே தட்டைக் காலி செய்தார்.

“ஷோக்கா கீதுப்பா. இதே மாதிரி இன்னொரு தட்டு எத்தினு வா.”

சக்திகுமாரால் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் இன்னொரு கரண்டி சட்னியைத் தாராளமாகவே கலந்தான்.

இரண்டாவது தட்டு முடிவதற்குள் பரசுராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். பூஜா தயிரோடு ஓடிவந்தாள். யாரோ ஆம்புலன்ஸை அழைத்தார்கள். ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே சக்திகுமாரும் ஓடினான். உள்ளுக்குள் ஒரே குஷி. வெளியே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“ஸ்டாக் கெடக்குது சார், நீங்க ஒடம்ப பாருங்க. அப்பறமா எடுத்துக்கலாம்.”

பரசுராமன் அவன் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். குரல் கரகரத்தது.

“அப்பறம் இன்னா அப்பறம்? ஹெட் ஆபீஸ்ல இருந்து காலைலயே ஆடிட்டர் வராரு. நான் இல்லன்னா நீதான் கூட நின்னு காட்டணும்.” ஸ்டோர் சாவியை அவன் கையில் திணித்தார். “அசாம்ல ரெண்டு வருஷம் வேல பாத்தவம்பா நான். அந்த மொளகா எனக்குத் தெரியாதா? தப்பிக்க வழி தெரியாம முழிச்சினு இருந்தேன், நல்ல நேரத்துல கொண்டாந்து குடுத்த.”

சக்திகுமார் ஒன்றும் புரியாமல் சாவியைப் பார்த்தான். ஆம்புலன்ஸ் கதவு மூடப்போகும் நேரத்தில் பரசுராமன் தலையைத் தூக்கிச் சொன்னார்:

“நீ எடுத்தது துளிதான், நான் லாரில ஏத்தி அனுப்பினதெல்லாம் எங்கன்னு அவரு கேட்டா, எதுனா சொல்லி சமாளிச்சுக்க.”