கீறல் விழாத கார்

"காரத் திருப்பிக் குடுக்க வந்திருக்கேம்மா. சாவிய எந்தக் கௌண்டர்ல குடுக்கணும்?"

சுபாஷினி நிமிர்ந்து பார்த்தாள். மலேசியாவின் கூலிம் நகரில் இருந்த அந்த மானிய அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். ஹைப்ரிட் கார் வாங்கினேனே, அரசாங்க மானியம் ஏன் இன்னும் வரவில்லை? ஊரான் வீட்டு நெய்யைத் திருப்பிக் கொடுக்க வந்த மனிதரை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

வந்தவர் அறுபதைத் தாண்டியவர். பெயர் சில்வெஸ்டர். கரங்கான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் டிராக்டர் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"கார் யார் பேர்ல இருக்கு அங்கிள்?"

"மவன் பேர்ல. ரையன்." கையிலிருந்த கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். மரணச் சான்றிதழ். வயது இருபத்தெட்டு. இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

சுபாஷினி கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்தாள். இரண்டே கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், ஹைப்ரிட். மானியம் கொடுத்து எட்டு மாதம். மேற்கொண்டு கேட்கவே தேவையில்லை என்று தோன்றியது. இருந்தாலும் கேட்டாள்.

"எப்படி ஆச்சு அங்கிள்?"

"காலைல ஃபேக்டரிக்கு ஷிப்டுக்குப் போறப்ப. நல்ல மழை. லாரி திரும்புனதப் பாக்கல."

"இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் கெரெத்தாவெல்லாம் சின்னப் பசங்க கையில குடுக்கவே கூடாது லா. எத்தன பேரப் பாத்துட்டோம்!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெற்றவரிடம் பேசுகிற பேச்சா இது?

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவனுக்கு அந்தக் காருன்னா உசுரும்மா. ஆறு வருசம் ஓவர்டைம் செஞ்சான். சப்சிடி கெடைச்சதாலதான் வாங்க முடிஞ்சிச்சு. இப்ப எங்க வீட்டுக்காரி பிரிஜெட் அந்தக் காரப் பாத்தாலே கதறுறா. வாசப் பக்கமே வர்றதில்ல."

கோப்பிலிருந்து புகைப்படங்களை எடுத்து வரிசையாகப் பரப்பினார். முன்பக்கம், பின்பக்கம், இருக்கைகள், நான்கு டயர்கள். "பாத்துக்குங்க, ஒரு கீறல் இல்ல. வண்டியும் வெளியதான் நிக்குது. மூணு நாளா மழை. இன்னிக்குத்தான் வெயில் அடிச்சிச்சு, கழுவித் தொடச்சு எடுத்தாந்தேன்."

சுபாஷினி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மரத்தடியில் இடம் இருந்தும், காக்கை எச்சத்துக்குப் பயந்தோ என்னவோ, காரை வெட்டவெளியில் நிறுத்தியிருந்தார். கண்ணாடியில் ஒரு செபமாலை தொங்கியது. பட்டறைக்காரன் கெட்டிக்காரன், அடிபட்ட அடையாளமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பாவம், இருந்த காசையெல்லாம் அதிலேயே கொட்டியிருப்பார்.

"திருப்பிக் குடுங்கன்னு யார் கேட்டா அங்கிள்?"

"கேக்குறதுக்கு முன்னாடி நாமளே குடுத்துடணும்மா. அரசாங்கமும் காசு போட்டிருக்கு, அப்ப அரசாங்கத்தோட சாமான்தானே? அஞ்சு வருசத்துக்கு விக்கக் கூடாதுன்னு கடுதாசியிலயே போட்டிருக்கே." சாவியை எடுத்துக் கௌண்டரில் வைத்தார். "எஸ்டேட்லயும் அப்படித்தான். டிராக்டரு, குடியிருந்த வீடு, எல்லாம் அவங்களோடது. நாம வேலைய விட்டு வெளியாகுறப்ப ஆபீஸ் கிராணி வந்து சுத்திச் சுத்திப் பாப்பாரு. கீறல் இருந்தா சம்பளத்துல வெட்டு. நான் வெளியானப்ப டிராக்டர்ல ஒரு நெளிசல் கிடையாது."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. அடுத்த வார்த்தையிலேயே அது உடைந்துபோனது.

"மவன் பேர்லயும் ஒரு கொறை வந்துடக் கூடாதும்மா. செத்தவன யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது."

சுபாஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய அப்பாவும் தோட்டத்து ஆள்தான். கௌண்டரைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், நல்லாக் கேளுங்க. விக்கக் கூடாதுங்குறது மட்டுந்தான் ரூல். மத்தபடி அது முழுசா ரையனோட கார். கீறல் பட்டாலும் சரி, சேத்துல ஓட்டினாலும் சரி, எந்தக் கிராணியும் வந்து பாக்க மாட்டாங்க. குடுத்த காசுல ஒரு சென்கூடத் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

"நெசமாவா?"

"சத்தியமா. சாவிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க. உங்க பேருக்கு மாத்துறதுக்கு நானே போராங் ஃபில் பண்ணித் தரேன், நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

அவர் முகம் தெளியும் என்று காத்திருந்தாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவு அவளுக்கு.

சில்வெஸ்டர் சாவியைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்த கோப்பு சரிந்து தாள்களெல்லாம் தரையில் விழுந்தன. குனிந்து பொறுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப அன்னிக்கு அந்த மழையில, கார வச்சுட்டு மோட்டார் சைக்கிள்ல போடான்னு நான் அவன அனுப்பியிருக்க வேண்டியதே இல்லையாம்மா?"