வடிகானில் ஊற்றிய லண்டன்

ஊற்று என்றார்கள். ஊற்றினேன்.

லண்டனில் நான் வேலை செய்த பியர் ஆலையில் நூற்றுப்பத்து வருடமாகச் சாகாமல் வளர்ந்து வந்த ஈஸ்ட், பியரைப் புளிக்கவைக்கும் அந்த நுரை, 1992 மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், என் கையால் வடிகானுக்குள் போனது.

வடக்கே உள்ள பெரிய கம்பனி ஒன்று ஆலையை வாங்கி மூடிவிட்டது. பெயர் அவர்களுக்கு வேண்டும். போத்தலில் ஒட்டும் லேபிள் வேண்டும். ஈஸ்ட் மட்டும் வேண்டாம். அவர்களிடம் சொந்த ஈஸ்ட் இருக்கிறதாம். ஆனால் எங்களுடையதில் ஒரு கரண்டிகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. பைகளைத் திறந்து பார்க்க கேட்டில் ஒருவனை நிறுத்தியிருந்தார்கள்.

தொட்டியைச் சுற்றி எல்லாரும் கிளாசும் கையுமாக நின்றார்கள்.

பியர் காய்ச்சுவதற்குப் பொறுப்பான ஹாரிஸ் பேசினார். மணிக்கூண்டும் சிவப்பு பஸ்ஸும் வெளியூர்க்காரர் படம் பிடிக்கத்தான், இந்த ஊரின் குணம் இந்தத் தொட்டியில்தான் இருக்கிறது என்றார். வேறு ஊரில் இதே தண்ணீரையும் இதே பார்லியையும் போட்டாலும் இந்த ருசி வராது என்றார். கண்ணைத் துடைத்தார்.

நல்ல மனுசன். வெள்ளிக்கிழமைகளில் என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு அப்பம் கேட்டு வாங்கித் தின்பார். எங்கேயோ தெரிந்த வாசம் அடிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் மணந்து பார்ப்பார்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் மேலும் கோபம்தான். அழுவதற்கு முப்பது பேர். ஊற்றுவதற்கு மட்டும் இந்த அம்பலவாணன்.

பன்னிரண்டு வருடம் அந்தத் தொட்டியைக் கழுவியவன் நான். நுரை எந்த மணிக்கு எவ்வளவு உயரும் என்பது எனக்குத் தெரியும். பனிக்காலத்தில் அது சோர்ந்து கிடந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுபோல் ஹாரிஸுக்கு ஓடிப்போய்ச் சொன்னவன் நான். ஒரு சொட்டு பியர் குடித்ததில்லை. அதனால் என்ன? அதை வளர்த்த ஆட்களில் நானும் ஒருவன் இல்லையா?

உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். லண்டன் என்றால் எது என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். லொறி டிரைவரிடம் கேட்டாள். எதிரே உள்ள பப்காரனிடம் கேட்டாள். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த கிளார்க்கிடமும் கேட்டாள்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொண்டேன்.

என்னிடம் வந்தாள். நான் லண்டனுக்கு எப்போது வந்தேன் என்று கேட்டாள்.

யோசித்து வைத்திருந்த பதிலை விழுங்கிவிட்டு, எண்பதில் என்றேன். அதையும் அவள் எழுதவில்லை. வாளியை எடுத்து மிச்சத்தையும் ஊற்றினேன். தண்ணீர் அடித்துக் கழுவியும் விட்டேன், எவரும் குறை சொல்லாதபடி.

கேட்டில் நின்றவன் மற்றவர்களின் பைகளை ஒப்புக்குத் தடவி அனுப்பினான். என்னுடைய பையைக் கொட்டிப் பார்த்தான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மிஞ்சியிருந்த ஒற்றை அப்பத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். மணந்தான். திரும்பப் போட்டுவிட்டுப் போகச் சொன்னான்.

கோலியர்ஸ் வுட்டில் வீட்டுக்கதவைத் திறக்கும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், நடந்தது முழுவதையும் மனைவி தவமலரிடம் சொன்னேன்.

அவள் பாதிவரை கேட்டாள். பிறகு மாடிக்குப் போய், சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரியைத் திறந்து, துவாயால் சுற்றி வைத்திருந்த பானையைத் தூக்கி வந்தாள். மூடியைத் திறந்தாள்.

அப்பத்துக்குக் கரைத்த மா நுரைத்துப் பொங்கி, விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இது செத்துப்போச்சு எண்டோ அந்தப் பெட்டை எழுதப்போறாள்?" என்று கேட்டாள்.

பத்து வருடத்துக்கு முந்திய ஒரு குளிர்காலத்தில் அவளுடைய அப்பமா மூன்று நாளாகியும் புளிக்காமல் கல்லுப்போல் கிடந்தது. ஊரில் என்றால் ஒரு சிரட்டை கள்ளு விட்டிருப்பாள். இங்கே கள்ளுக்கு எங்கே போவது? ஆலைத் தொட்டியிலிருந்து வழித்து எறிகிற ஈஸ்ட் நுரையில் ஒரு ஜாம் போத்தல் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே ஒரு முறைதான். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் பழைய மாவில் ஒரு கை எடுத்து வைத்துப் புது மாவில் கலந்து, அதைத் தொடர்ந்து வளர்த்து வந்தவள் அவள். கேட்டவர்களுக்கும் கொடுத்தாள். இப்போது வெம்பிளியில் சுலோச்சனா வீட்டில் அது இருக்கிறது. வால்தம்ஸ்டோவில் கிரிஜா வீட்டில் இருக்கிறது. அவர்கள் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று எங்களுக்கே தெரியாது.

தவமலர் கழுவிக் காயவைத்த ஜாம் போத்தல் ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"பாவம் அந்த ஹாரிஸ். கொஞ்சம் குடுத்து விடட்டோ?"

நான் பானையை மூடினேன்.

"குடுக்கலாம். முதல்ல அவையள் வந்து என்னட்டையும் கேக்கட்டும், லண்டன் எண்டால் எது எண்டு."