தேநீரில் ஓர் அலை

தையல் கடையின் வெட்டு மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பந்தயத்துக்குச் சட்டைப் பொத்தான்கள். கைபேசிப் போக்கர் சீட்டாட்டத்தில் முகம் தெரியாதவர்களை வெளுத்து வாங்கும் மெக்கானிக், தையல்காரரான மச்சானிடம் ஒரு பெரிய ஆட்டமாவது ஜெயித்துவிட வேண்டும் என்று தவிக்கிறான். நல்ல சீட்டு வந்தால் அவன் கால் தானாக ஆடுகிறது. மேசை அதிர்ந்து தம்ளரில் தேநீர் நடுங்குகிறது. மச்சான் உடனே சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிடுகிறார். “உனக்கு ராஜா வந்தா டீக்கே தெரிஞ்சிடுது மாப்ள,” என்கிறார். “போன்ல இவர் காலை யாருண்ணே பாத்தா?” என்று பக்கத்திலிருக்கும் அவன் மனைவி அண்ணனிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இப்போது அவன் கையில் இருப்பது வெறும் இரண்டும் ஏழும். தோற்றாலும் போகட்டும் என்று மிச்சப் பொத்தான்களை எல்லாம் நடுவே தள்ளுகிறான். அவள் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அது அவனையும் தொற்றிக்கொள்கிறது. உதட்டைக் கடித்து அடக்குகிறான். தேநீரில் அலை எழுகிறது. மச்சான் அதையே பார்த்துவிட்டு, கையிலிருந்த ஜோடி ராணிகளைப் பெருமூச்சோடு கீழே போடுகிறார். “எடுத்துக்க, போ.” அவன் தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டுகிறான். மூவரும் மேசைக்கடியில் குனிந்து பார்க்கிறார்கள். கால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.