தரையோடு படுத்த கோடு

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் ஆட்கள் வேலை செய்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பதுதான் மேனேஜருக்கு வேலை.

“ஏன்யா, ஸ்கிரீன்ல மொத்த நெட்வொர்க்கையும் மறைச்சுட்டு ஒத்தைக் கோட்டை மட்டும் முறைச்சுக்கிட்டிருக்கே?”

“குழந்தைங்க வார்டு மூச்சு மெஷின் சார். அதுலேருந்து டேட்டா ஒழுங்கா வருதான்னு பார்க்கிறேன்.”

“காலையிலேருந்து இதேதானா? மத்ததையும் போடு!”

டெக்னீஷியன் மவுஸைத் தொடுவதற்குள் கோடு சரிந்து தரையோடு படுத்தது.

“போச்சு! ஓடிப்போய் கேபிளைப் பாருய்யா!”

அவன் அந்தக் கோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. எடுத்துக் கேட்டவன், முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினான்.

“என்னய்யா, சொல்லித் தொலை!”

“கேபிள் நல்லாத்தான் இருக்கு சார். மெஷினைக் கழட்டிட்டாங்களாம். வார்டுக்குள்ளே இருக்கிற என் வீட்டுக்காரி சொன்னா, எங்க பாப்பா தானாவே மூச்சு விடுறாளாம்!”